கேட்கப் பயந்த கேள்வி

அன்புள்ள ஐயா, வணக்கமுங்க.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வேலைகளைக் கவனிப்பவர்) இருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உடன் வேலை செய்யும் சீனியர் அக்கா ஒருவர், நான் வணக்கம் சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. என் மெயிலில் பிழை இருந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக்காட்டிச் சிரிப்பார். "உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?" என்பார். போன வாரம், துணி வாங்கும் பையர் எந்த லேப் டிப்பை (துணிக்கு நிறம் பார்க்கச் சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துண்டு) ஓகே செய்தார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் கத்துவாரே என்று பழைய மெயில்களைத் தோண்டியதில் அரை நாள் போய்விட்டது. வீட்டுக்குப் போனால் தம்பி மேல் எரிந்து விழுகிறேன். "வேலைன்னா நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ கண்ணு" என்கிறார் அம்மா. சின்ன விஷயத்தை நான்தான் பெரிதாக்குகிறேனா? வேலையை விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மணி,

நீங்கள் எதையும் பெரிதாக்கவில்லை. அந்த லேப் டிப் விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த முறை அரை நாளோடு போனது. தேட நேரமில்லாமல் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லியிருந்தால், சாயப்பட்டறையிலிருந்து துணி மொத்தமும் தப்பான நிறத்தில் வந்திறங்கியிருக்கும்.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் 24 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2015இல் வெளியானது. உண்மையான குழந்தை கிடையாது, பயிற்சிதான். சில குழுக்களிடம் மட்டும் வெளிநாட்டு நிபுணர் ஒருவர், உங்கள் நாட்டு மருத்துவத்தின் தரம் இவ்வளவுதான் என்கிற மாதிரி இளக்காரமாகப் பேசினார். கத்தவில்லை, திட்டவில்லை. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதுதான் காரணம் என்று கண்டார்கள். நீங்கள் சந்தேகத்தைக் கேட்காமல் விட்டதும் இதே மாதிரிதான்.

இருபது வயதில் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அங்கே இருந்த சூப்பர்வைசர் பீஸைக் கையில் கொடுக்க மாட்டார், முகத்தில் எறிவார். ஒரு நாள் சைஸ் லேபிள் மாறிப்போன பீஸ்கள் பெட்டி பெட்டியாகப் பேக்கிங் முடிந்த பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டன. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்தோம். பக்கத்தில் இருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மத்தியானமே தெரியும் தம்பி. சொன்னா உன் வேலையப் பாரும்பான். எதுக்கு வம்பு?"

நம் பக்கம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவதைப் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பேச்சு உயிர்தான். ஆனால் அது யாருக்குப் போகிறது என்று பாருங்கள். முதலாளிக்குப் போகிறது, வீட்டுக்கு வரும் சொந்தத்துக்குப் போகிறது. ஐம்பது வயதில் பண்டல் தூக்குகிறவருக்கு 'டேய்'தான். பண்ணையத்தில் வேலை செய்த பெரியவரை, தோட்டத்துக்காரர் வீட்டுப் பொடியன் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை, கம்பெனிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் சீனியரும் யாரிடமோ அப்படிப் பேச்சு வாங்கித்தான் வேலை கற்றிருப்பார். அதற்காக அவர் செய்வது சரியாகிவிடாது.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரிச் சின்ன அவமதிப்பில், வேண்டுமென்றே செய்கிறார்களா இல்லையா என்பது தெளிவாகத் தெரியாது. லின் ஆண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். அப்படித் தெளிவில்லாததால்தான் புகார் சொல்லவும் வாய் வருவதில்லை. பதிலுக்குப் பதில் என்று அது எப்படி ஏறிக்கொண்டே போகும் என்றும் அவர்கள் சொன்னார்கள். நான் பார்த்தவரை அது கீழேதான் அதிகம் இறங்குகிறது.

சரி, என்ன செய்யலாம்? டீ நேரத்தில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். "அக்கா, தப்பு இருந்தா என்கிட்டத் தனியாச் சொல்லுங்க, திருத்திக்கறேன். எல்லார் முன்னாடியும் படிச்சா அடுத்த சந்தேகத்த உங்ககிட்டக் கேக்க முடியலீங்க" என்று சொன்னால் போதும். மாறவில்லையென்றால் தேதி போட்டுக் குறித்து வைத்து மேனேஜரிடம் போங்கள். மனம் நொந்ததைச் சொல்வதோடு லேப் டிப் கதையையும் சொல்லுங்கள், அது அவருக்கு உடனே புரியும். பேச்சு சாதியைத் தொட்டாலோ, யாராவது பாலியல் ரீதியாகப் பேசினாலோ இப்படிப் பேசிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். வேலையை விடுவதென்றால் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள்.

தம்பியிடம் மட்டும் இன்றைக்கே பேசிவிடுங்கள். சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிய ஒரு நாள், பண்டல் கொண்டுவரத் தாமதமான கைமடிப் பையனை (கையாளாக எடுபிடி வேலை செய்பவன்) நான் எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டினேன். பதினாலு வயது இருக்கும். ஒன்றும் சொல்லாமல் பண்டலைப் பிரித்துக் கொடுத்தான். அந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போனவன் திங்கட்கிழமை வரவில்லை. அப்புறம் நான் அவனைப் பார்க்கவே இல்லை.