ரோபோ பொம்மையால் ஆட்டிசம் வருமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பாட்டுப் பாடி, கேட்டதற்குப் பதிலும் சொல்கிற ரோபோ பொம்மை ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினோம். எந்நேரமும் அதோடுதான் இருக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்பு சொன்ன ‘அம்மா’, ‘பால்’, ‘காக்கா’ எல்லாம் நின்றுவிட்டன. யூடியூபில் இதை ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’, அதாவது திரைகளாலும் கருவிகளாலும் வரும் ஆட்டிசம் என்கிறார்கள். பொம்மையின் கதிர்வீச்சு மூளையைப் பாதிக்குமா? மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிரப் கொடுத்து வருகிறேன்.

பதில்: தாய் வேலைக்குப் போவதாலோ பொம்மை வாங்கித் தருவதாலோ எந்தக் குழந்தைக்கும் ஆட்டிசம் வருவதில்லை. நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஆட்டிசத்துக்குப் பெரும்பங்கு மரபணுக்கள்தான் காரணம். ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற நோய் எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் கிடையாது. கதிர்வீச்சை மறந்துவிடுங்கள். சிரப்பை இன்றே நிறுத்துங்கள். பேச்சை வரவழைக்கும் சிரப் என்று ஒன்று இருந்தால் என் வேலை பாதி குறைந்திருக்கும்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது: வந்த பேச்சு நின்றுவிட்டது. தாமதமாகப் பேசுவது வேறு, பேசிய சொற்களை இழப்பது வேறு. “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்” என்ற வீட்டுச் சமாதானம் இங்கே செல்லாது. பொம்மையை ஒரு மாதம் ஒளித்துவைத்துப் பார்ப்போம் என்றும் தள்ளிப்போடாதீர்கள். யூடியூப் மருத்துவத்தால் நேரும் பெரிய கேடு இந்தக் காத்திருப்புதான்.

இந்த வாரமே குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது. பொம்மையின் பாட்டுக்கு ஆடுகிறானே என்பீர்கள். ஓரளவே கேட்கும் குழந்தையும் உரத்த பாட்டுக்கு ஆடும், பேச்சின் நுண்ணிய ஒலிகள்தான் பிடிபடாது. அடுத்து வளர்ச்சிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. போகும்முன் ஒன்றைக் கவனித்து வையுங்கள்: வானத்தில் விமானத்தைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? ஒன்றரை வயதுக்குள் வந்திருக்க வேண்டிய பழக்கம் இது. மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

பொம்மை நோயைத் தராது என்பதற்காக அதை நல்ல துணை என்று சொல்லமாட்டேன். பட்ரீஷியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சிலர் நேரில் சீன மொழி பேசி விளையாடினார்கள். 12 அமர்வுகளில் அதன் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. உங்கள் பொம்மை பதில் சொல்லும்தான். ஆனால் பிள்ளை காக்கையைப் பார்க்கும்போது அதுவும் சேர்ந்து காக்கையைப் பார்க்காது. பரணில் ஏற்றிவிடுங்கள். இரண்டு நாள் அழுவான். நீங்கள் வீடு திரும்பியதும் கைபேசியைத் தொடாமல் ஜன்னலோரம் நின்று சோறு ஊட்டுங்கள், அவன் பார்ப்பதைப் பற்றியே பேசுங்கள்.

காதுப் பரிசோதனையின் முடிவு வந்ததும் எழுதுங்கள்.