சிடியை ஃபைலா மாத்தக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதி சிடி பத்தினதுதான். பிளேயர் ரிப்பேர், புது கார்ல சிடி போட இடமே இல்ல, லேப்டாப்லயும் டிரைவ் கிடையாது, ஆனா அலமாரி நெறைய சிடி. கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: அப்பா சேத்து வச்ச 240 சிடி, பெரும்பாலும் கர்நாடக சங்கீதம். ஒரு கடையில சிடிக்கு 60 ரூபாய் கேக்கறாங்க, எம்பி3யா தருவாங்களாம். குடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ரேட்டை விட அந்த எம்பி3தான் எனக்கு இடிக்குது. ஆடியோ சிடில ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கு. நல்ல எம்பி3ங்கறது 320, அவசரத்துல போட்டுக் குடுக்கறது 128, அதாவது பத்துல ஒரு பங்குகூட இல்ல. ஃப்ளாக் கேளுங்க, அது சிடில இருக்கறதுல எதையும் தூக்கிப் போடாம சுருக்கும், ஒரு சிடிக்கு 300, 400 எம்பி ஆகும், உங்க 240ம் 100 ஜிபிக்குள்ள அடங்கிடும். ஃப்ளாக்லேர்ந்து எம்பி3 எப்ப வேணாலும் வீட்லயே பண்ணிக்கலாம், எம்பி3லேர்ந்து திரும்பிப் போக வழியே கிடையாது. அதோட கச்சேரி சிடில ராகம் தானம் பல்லவியை மூணு நாலு ட்ராக்கா பிரிச்சிருப்பாங்க, சிடில கேட்டா தெரியாது, எம்பி3 ஆக்கினா சில பிளேயர்ல தானம் முடிஞ்சு பல்லவிக்குப் போற இடத்துல தம்புரா ஒரு கணம் அறுந்துட்டு திரும்ப வரும், கேக்கவே கஷ்டமா இருக்கும். முதல்ல ரெண்டே ரெண்டு சிடி குடுத்து வாங்கிக் கேட்டுப் பாருங்க. அது சரியா வந்தா மிச்சத்தைக் குடுங்க.

கேள்வி: '100 பாட்டு'ன்னு போட்ட எம்பி3 சிடி 40 இருக்கு. அதுக்கும் ஆடியோ சிடிக்குக் கேக்கற அதே ரேட்டாம். (ஈரோடு)

பதில்: குடுக்காதீங்க. அது ஏற்கனவே ஃபைல்தான், வெறும் காப்பி பேஸ்ட். அதுக்குக் கன்வெர்ஷன் சார்ஜ் கேக்கற கடையில மத்த சிடியையும் குடுக்க வேண்டாம்.

கேள்வி: 180 சிடி குடுத்தோம். ஹார்ட் டிஸ்கைத் திறந்தா ஃபோல்டர் 1, ஃபோல்டர் 2, உள்ள எல்லாமே ட்ராக் 01, ட்ராக் 02. கேட்டா 'பேரு போடறது எங்க வேலை இல்ல'ங்கறாங்க. (திருச்சி)

பதில்: இதைப் படிச்சதும் எனக்குப் பழைய கோபம் கிளம்பிடுச்சு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பெரும்பாலான ஆடியோ சிடில பாட்டோட பேரே கிடையாது. எத்தனை ட்ராக், ஒவ்வொண்ணும் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்து, இன்டர்நெட்ல மியூசிக்பிரெய்ன்ஸ் மாதிரி ஒரு பட்டியலோட ஒப்பிட்டுத்தான் சாஃப்ட்வேர் பேரு போடும். அந்தப் பட்டியலெல்லாம் ஆர்வம் இருக்கறவங்க உக்காந்து டைப் பண்ணி ஏத்தினது. பெரிய கம்பெனி சினிமா சிடின்னா அநேகமா வந்துடும், சபா வாசல்ல வாங்கின கச்சேரி சிடி, நாதஸ்வர சிடியெல்லாம் பல நேரம் வராது. வந்தாலும் தோடிக்கு ஒரு சிடில ஒரு ஸ்பெல்லிங், அடுத்ததுல வேற, பாடினவர் பேர் இருக்க வேண்டிய இடத்துல தியாகராஜர். அப்புறம் ராகத்தை வச்சு எப்படித் தேடறது?

டிஸ்கைப் போட்டு எடுக்கறது மெஷின் பாத்துக்கற வேலை, அஞ்சு பத்து நிமிஷம். உறையைக் கையில வச்சுக்கிட்டு கீர்த்தனை, ராகம், தாளம், பாடினவர், வயலின், மிருதங்கம்னு பாத்துப் பாத்து டைப் பண்றதுதான் மனுஷன் செய்ய வேண்டிய வேலை, நாம காசு குடுக்கறதே அதுக்குத்தான். அதை விட்டுட்டு முழு சார்ஜ் வாங்கறது அநியாயம்.

எனக்கும் நடந்திருக்கு. எங்க அப்பாவோட 62 சிடியை ஒரு கடையில குடுத்தேன், இதே ட்ராக் 01 வந்துச்சு. சரி, உறையைப் பாத்து நாமளே போட்டுக்கலாம்னு பாத்தா, டிஸ்கையெல்லாம் ஒரே குச்சியில கோத்துக் குடுத்துட்டாங்க, உறையும் உள்ள இருந்த பேப்பரும் இடத்தை அடைக்குதுன்னு குப்பையில போட்டுட்டாங்களாம். சில உறைக்குள்ள அப்பா பென்சில்ல சின்னச் சின்னதா குறிப்பு எழுதி வச்சிருந்தார், இந்த சங்கதியை முதல்ல எந்த சபால கேட்டார், அன்னிக்கு கூட யார் வந்திருந்தாங்கன்னு. அது போனது போனதுதான்.

உங்க ரசீதையும் அவங்க விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்க, பேரோட தருவோம்னு ஒரு வார்த்தை இருந்தாலும் விடாதீங்க. இல்லன்னா, உறை பத்திரமா இருந்தா, விண்டோஸ்ல எம்பி3டேக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பேரு அப்படி, ஃப்ளாக்குக்கும் ஆகும், தமிழ்லயே டைப் பண்ணலாம். தினம் அஞ்சு சிடி போட்டாலும் ஒண்ணரை மாசத்துக்குள்ள முடிஞ்சிடும்.

கேள்வி: 2 டிபி பென் டிரைவ் ஆன்லைன்ல 599 ரூபாய்க்கு வாங்கி, அதுலதான் போட்டுத் தரச் சொன்னேன். பாதிப் பாட்டு திறக்கல. கடை மேல கேஸ் போடலாமா? (ஆவடி)

பதில்: கடைக்காரர் என்ன பண்ணுவார்? அது போலி டிரைவ் சார். உள்ள சின்ன சிப்பை வச்சுட்டு கம்ப்யூட்டர்ல மட்டும் 2 டிபின்னு காட்டற மாதிரி பண்ணி விக்கறாங்க, இடம் தீர்ந்ததும் அடுத்து போடறதெல்லாம் காணாமப் போகும். அந்த விலைக்கு 2 டிபி வராதுன்னு இதே பகுதில எத்தனை தடவை எழுதிட்டேன். ரிட்டர்ன் தேதி தாண்டலைன்னா இன்னிக்கே திருப்பி அனுப்புங்க. ஒழுங்கான ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு வேற வீட்ல இருக்கட்டும்.

கேள்வி: 300 சிடிக்கு 18,000 ரூபாய் குடுத்தேன், ஃப்ளாக்னு சொல்லித்தான் வாங்கினாங்க. பையன் சாஃப்ட்வேர்ல பாத்துட்டு, எம்பி3யை ஃப்ளாக்கா மாத்திக் குடுத்திருக்காங்கங்கறான். கடைக்காரர் 'பழைய பாட்டு அப்படித்தான் இருக்கும்'னு சத்தம் போடறார். (சேலம்)

பதில்: அம்மா, முதல்ல உங்களை நீங்களே நொந்துக்காதீங்க. கேக்க வேண்டியதைக் கேட்டுத்தான் குடுத்திருக்கீங்க, தப்பு அவங்களோடது. பையன் பாத்தது ஸ்பெக்ட்ரம் படமா இருக்கும், அதாவது பாட்டுல எந்த உச்ச சுருதி வரைக்கும் சத்தம் இருக்குன்னு காட்டற படம். சிடில 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தத்துக்கு இடம் உண்டு, 128 எம்பி3 பெரும்பாலும் 16 கிட்ட கத்தியால வெட்டின மாதிரி நின்னுடும். பழைய டேப்லேர்ந்து வந்த பாட்டுல மேல் பக்கம் கம்மியா இருக்கும்ங்கறது நெசம்தான், ஆனா அது மெல்ல மெல்லத் தேஞ்சு போகும், சிடிக்கு சிடி மாறும், எல்லாத்துலயும் ஒரே இடத்துல கோடு போட்ட மாதிரி நிக்காது. அதனால வாய்ச்சண்டை வேண்டாம். அஞ்சு சிடியை எடுத்து பையனையே வீட்ல ஃப்ளாக்கா எடுக்கச் சொல்லுங்க, அந்தப் படத்தையும் கடை குடுத்த ஃபைலோட படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பிரின்ட் போடுங்க. அதோட ஒரு கடிதம், பதினஞ்சு நாள் டைம் குடுத்து, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க. அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலே நீங்களே பேசலாம், 2 வருஷத்துக்குள்ள போகணும். ஃப்ளாக்னு அவங்க அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சிடாதீங்க. என்ன ஆச்சுன்னு கண்டிப்பா எழுதுங்க.

கேள்வி: கீறல் விழுந்த சிடிக்கு டூத்பேஸ்ட் தேய்க்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். கைப்பிடி சுத்தற சிடி ரிப்பேர் மெஷினும் வேண்டாம், நான் 800 ரூபாய் குடுத்து வாங்கி ரெண்டு நல்ல சிடியைக் கெடுத்துட்டேன். கீழ்ப்பக்கம் லேசான கீறல் இருந்தா டிரைவ் பெரும்பாலும் படிச்சிடும், லேபிள் பக்கம் கீறினாத்தான் ஆபத்து, பாட்டு இருக்கற படலம் அந்தப் பக்கம்தான் இருக்கு.

கேள்வி: 35 சிடிதான் இருக்கு. (வேலூர்)

பதில்: நீங்களே பண்ணுங்க. யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு போதும், விண்டோஸ்னா எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்னா எக்ஸ்எல்டி, ரெண்டும் இலவச சாஃப்ட்வேர். ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

கேள்வி: பொண்ணோட அரங்கேற்றம், 2009ல ரெக்கார்டிங் பண்ணினவர் சிடில எழுதிக் குடுத்தார். ஒரே காப்பி. இப்ப தில்லானா கிட்ட சிக்குது. எங்க குடுக்கறது? (மயிலாடுதுறை)

பதில்: எங்கயும் குடுக்கறதுக்கு முன்னாடி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறதை நிறுத்துங்க. கம்பெனில அச்சடிச்ச சிடி வேற, இது வேற, இதுல பாட்டு ஒரு சாயப் படலத்துலதான் இருக்கு, வெயிலும் சூடும் பட்டா வருஷம் ஆக ஆக மங்கிடும். மெல்லிசான துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா தேய்க்காதீங்க. ஒரு டிரைவ்ல சிக்கறது இன்னொண்ணுல ஓடும், அதனால தெரிஞ்சவங்க வீட்ல பழைய டெஸ்க்டாப் இருந்தா அந்த டிவிடி ரைட்டர்ல குறைஞ்ச வேகத்துல எடுத்துப் பாருங்க. தில்லானா வரலைன்னாலும் அதுக்கு முன்னாடி இருக்கறதை உடனே ஹார்ட் டிஸ்க்ல ஏத்திடுங்க. அந்த ரெக்கார்டிங்காரர் நம்பர் இருந்தா இன்னிக்கு சாயங்காலமே கூப்பிடுங்க, அவர்கிட்ட ஒரிஜினல் இன்னும் கிடக்கலாம்.