கென்ய ராணுவம்: கேளுங்கள், சொல்கிறேன்

நைரோபியில் பல வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ராணுவத்தில் இருந்ததில்லை, அதைப் பற்றிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே ராணுவம் வேறு, போலீஸ் வேறு. ஜி.எஸ்.யு. என்பது போலீஸின் அதிரடிப் பிரிவு.

முருகேசன்: ஹைட்டிக்குக் கென்யா ராணுவத்தை அனுப்பியது ஏன் சார்?

ராணுவம் போகவில்லை. 2024 ஜூனில் போனது போலீஸ்.

வசந்தி: 1982 கலகத்தில் இந்தியர் கடைகளைச் சூறையாடினார்களாமே?

ஆமாம்மா. ஆகஸ்ட் 1, ஞாயிறு விடிகாலை. விமானப்படையின் கீழ்நிலை வீரர்கள் வானொலி நிலையத்தைப் பிடித்து, ஆட்சி கைமாறிவிட்டதாக அறிவித்தார்கள். தலைமை தாங்கிய ஒச்சுகா கடைநிலைக்கு ஒரு படி மேலே இருந்தவர், அவ்வளவுதான். தரைப்படை அன்றைக்கே அடக்கிவிட்டது. அதற்குள் நைரோபிக் கடைகள் பல காலி. எனக்குத் தெரிந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர் கடை ஷட்டரில் ஒரு நெளிவை நிமிர்த்தாமலே வைத்திருந்தார். கேட்டால், "எண்பத்திரண்டு" என்பார், வேறு பேச்சு கிடையாது. தான்சானியாவுக்குத் தப்பிய ஒச்சுகாவைத் திருப்பி அனுப்பினார்கள், 1987ல் தூக்கு. விமானப்படையைக் கலைத்து, கொஞ்ச காலம் '82 விமானப்படை' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ரஃபீக்: சுற்றுலா போகிறேன் அண்ணே, ராணுவப் புள்ளி போட்ட பேண்ட் எடுத்துப் போகலாமா?

வேண்டாம் தம்பி. பொதுமக்கள் அதைப் போட்டால் அங்கே குற்றம். முகாம் வாசலில் போனையும் நீட்டாதே.

செல்வம்: சோமாலியாவுக்குள் போனதுதான் வினை. போகாவிட்டால் நைரோபி வெஸ்ட்கேட் வளாகத் தாக்குதல் நடந்திருக்குமா?

தேவகி: செல்வம் சார், 1998 நைரோபி அமெரிக்கத் தூதரகக் குண்டு? 2002 மொம்பாசா ஹோட்டல்? அப்போது கென்யா எந்த நாட்டுக்குள் போயிருந்தது?

செல்வம்: அவை அல் காய்தா. இது சோமாலியத் தீவிரவாத அமைப்பான அல் ஷபாப்.

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. 2011 அக்டோபரில் 'லிண்டா ன்ச்சி' (Linda Nchi), அதாவது 'நாட்டைக் காப்பாற்று' என்ற பெயரில் படை எல்லை தாண்டியது. அதற்கு முன் சோமாலிய ஆயுதக்காரர்கள் லாமு கடற்கரையில் வெளிநாட்டவரையும், தாதாப் அகதி முகாமில் இரண்டு ஸ்பானிய உதவிப் பணியாளர்களையும் கடத்தியிருந்தார்கள். சுற்றுலாவை நம்பும் நாடு எத்தனை நாள் பொறுக்கும்? ஆனால் உள்ளே போனதற்குப் பழி என்று சொல்லித்தான் அல் ஷபாப் அடித்தது. 2013 வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் 67 பேர், 2015 கரிசா பல்கலைக்கழகத்தில் 148 பேர் இறந்தார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. வெஸ்ட்கேட்டில் ஜி.எஸ்.யு. ஆட்கள் முதலில் உள்ளே போய்க் கொலைகாரர்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு ராணுவம் நுழைந்தது. ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் சுட்டுக்கொண்டதில் போலீஸ் தரப்பில் ஓர் அதிகாரி செத்தார். போலீஸ் வெளியேறியது, முற்றுகை நான்கு நாள் இழுத்தது. கரிசாவில் விடியுமுன் தாக்குதல் தொடங்கியது, போலீஸ் அதிரடிப் படை உள்ளே புகுந்தது மாலையில். இதைச் சோமாலியாவின் தலையில் கட்ட முடியாது. ராணுவம் வேறு, போலீஸ் வேறு என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

செல்வம்: அப்போ படையைத் திரும்ப அழைக்கக் கூடாதா?

அது அடுத்த சண்டை. நான் வரவில்லை.

கார்த்திக்: எல் அடேயில் எத்தனை வீரர்கள் இறந்தார்கள்?

சோமாலியாவில் இருந்த கென்ய ராணுவ முகாம் அது. 2016 ஜனவரி 15 அன்று அல் ஷபாப் தாக்கி விழுந்தது. முழுக் கணக்கை அரசு வெளியிடவே இல்லை. அல் ஷபாப் விடும் எண்ணைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

யோகேஸ்வரி, யாழ்ப்பாணம்: எங்கட பக்கத்தோட ஏதும் தொடர்பு இருக்கோ ஐயா?

இருக்கு. இரண்டாம் உலகப் போரில், கென்ய வீரர்களும் இருந்த பிரிட்டிஷ் 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன் பர்மா போகுமுன் இலங்கையில்தான் பயிற்சி எடுத்தது. 1944 பிப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த 'கெதிவ் இஸ்மாயில்' கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி அடித்தது. சில நிமிடத்தில் மூழ்கி ஆயிரத்துக்கும் மேல் சாவு. அதில் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர் பலர்.

பாபு: ஹைட்டியில் கென்ய ராணுவம்...

போலீஸ் பாபு, போலீஸ்!