தூக்கத்தை விரட்டும் மல்லாரி

கேள்வி: எனக்கு 41 வயது. காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நுழைந்தால் எட்டரை வரை நிற்க நேரமில்லை. சினிமாப் பாட்டு போட்டால்தான் கை ஓடுகிறது. மாமனார் ஹாலில் கர்நாடக சங்கீதம் போடுவார். எனக்குக் கொட்டாவி வருகிறது. “பழகினால் பிடிக்கும்” என்கிறார். உடம்பைத் தட்டி எழுப்புகிற மாதிரி அதில் எதுவுமே கிடையாதா? ராகம், தாளம் எனக்குத் தெரியாது.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, கொட்டாவி வருவதில் தப்பே இல்லை. மாமனார் போடுவது பெரும்பாலும் நிதானமான ஆலாபனையும் (வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) சவுக்க கால, அதாவது மெதுவான நடைக் கீர்த்தனைகளுமாக இருக்கும். வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து கேட்க வேண்டியவை அவை. குக்கர் விசிலுக்கு நடுவே அந்த நுணுக்கமெல்லாம் காதில் ஏறாது. ஆனால் இதே சங்கீதம் தெருவில் இறங்கி நடந்து வரும்போது வேறு மாதிரி இருக்கும். நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் மல்லாரி. சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் வாசிப்பது இது. பாட்டு வரிகள் கிடையாது, ஸ்வரமும் தாளக்கட்டும்தான். ராகம் கம்பீர நாட்டை. ச, க, ம, ப, நி என்று ஐந்தே ஸ்வரம். ரியும் தவும் இல்லாததால் ராகம் படிப்படியாக ஏறாமல் தாவி ஏறும். அப்புறம், அதே மெட்டைத் தாளம் மாறாமல் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டிப்பு வேகத்தில் வாசிப்பார்கள், பிறகு இன்னும் வேகமாக மூன்றாம் காலத்தில். கால்கள் அதே நடையில் போய்க்கொண்டிருக்க, இசை மட்டும் மேலே மேலே வேகம் எடுக்கும். கேட்கிற நமக்கு இருப்புக்கொள்ளாது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஒரு தவில்காரருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கூட்டம், நகர வழியில்லை. அவர் வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டினார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது. தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். இடது கையில் குட்டையான கழி. பல்லக்கைத் தூக்கியதும் முதல் அடி விழுந்தது. என் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டில் தேங்காய் மூடி தடதடவென்று ஆடியது. அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

திறந்த வெளியில், மைக் இல்லாத காலத்தில், தெருக்கோடி வரை கேட்பதற்காக உருவான வாத்தியங்கள் இவை. அந்த பலம் வேறு எதற்கும் வராது. நாகஸ்வரத்தில் காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா, தவிலில் வலயப்பட்டி சுப்ரமணியம், ஹரித்வாரமங்கலம் பழனிவேல் என்று தேடிப் பாருங்கள். எது கிடைத்தாலும் கேட்கலாம்.

சாஹித்யத்தோடு, அதாவது பாட்டு வரிகளோடு கேட்க வேண்டுமா? கதனகுதூகலம் ராகத்தில் ‘ரகுவம்ச சுதா’. 1902-இல் மறைந்த பட்டணம் சுப்ரமணிய ஐயர் இயற்றியது. அந்த ராகத்தை உருவாக்கியவர் என்றும் அவரைத்தான் சொல்வார்கள். கதனம் என்றால் போர். பெயருக்கேற்ற துடிப்பு, கொஞ்சம் பேண்ட் வாத்திய வாசனையும் அடிக்கும். நடுவில் வரும் சிட்டைஸ்வரத்தை (முன்கூட்டியே கட்டிவைத்த ஸ்வர வரிசை) கேட்டுவிட்டு யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் வாசித்ததை முதலில் கேளுங்கள், பிறகு வாய்ப்பாட்டுக்கு வரலாம்.

தாளச் சொற்களை வைத்துக் கட்டிய தில்லானாக்களும் உண்டு. கச்சேரியின் கடைசியில் வருபவை, சின்னவை, எல்லோருக்கும் பிடிக்கும்.

எனக்கு மிகவும் வேண்டிய ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன்: தனி ஆவர்த்தனம். பிரதான உருப்படி, அதாவது கச்சேரியின் முக்கியமான பெரிய பாட்டு முடிகிற இடத்தில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மட்டும் வாசிக்கும். நிறைய பேர் அந்த நேரத்தில் காபி குடிக்க எழுந்து போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒருவர் வாசித்ததற்கு இன்னொருவர் பதில் சொல்வார். கேள்வியும் பதிலும் வரவரச் சுருங்கும். அதற்குக் குறைப்பு என்று பெயர். கடைசியில் இருவரும் சேர்ந்துகொண்டு மோரா என்ற முடிப்புச் சொற்கட்டை வாசித்து, கோர்வை என்ற தாளக் கணக்கை மூன்று முறை அடித்து, தாளத்தின் சரியான இடத்தில் வந்து இறங்குவார்கள்.

அந்த இடம் உங்களுக்குத் தெரிய ஆதி தாளம் போதும். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்புவது), தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. தோசை வேகிற நேரத்தில் ஒரு கையால் போட்டுப் பழகலாம். ஆதி தாளத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடச் சொல்லி மாமனாரிடம் கேளுங்கள். அவரும் கூடவே தாளம் போடுவார், தப்பினால் எடுத்துக் கொடுப்பார்.

ஒன்று மட்டும்: தவிலை செல்போனில் நேரடியாகக் கேட்காதீர்கள். கழி விழுகிற தொப்பிப் பக்கத்தின் கனத்த நாதம் அதில் வரவே வராது. சுமாரான ஸ்பீக்கராக இருந்தாலும் பரவாயில்லை, அதில் இணைத்துக் கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கோயிலில் அடுத்து உற்சவம் வரும்போது கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். தவில்காரருக்கு இடது பக்கமாக, நாலடி தள்ளி நில்லுங்கள்.