பீரியட்ஸ் வலி தாங்க முடியவில்லை, ஆனால் ஸ்கேன் நார்மல். எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று முடிவு செய்யலாமா?

முடியாது. கருப்பையின் உள்சுவரில் இருப்பது போன்ற திசு சூலகத்திலும், அடிவயிற்றின் உள்படலத்திலும், சில சமயம் குடல் மேலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் (டாக்டர்கள் 'சாக்லேட் சிஸ்ட்' என்பார்கள்) ஸ்கேனில் தெரியும். படலத்தில் மெல்லிசாகப் படிந்த திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தால்தான் அவற்றை நேரில் பார்க்க முடியும்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியும் பல பேருக்கு நோயின் பெயர் தெரியவே வருஷக்கணக்காகிறது. "எனக்கும் அப்படித்தான் வலிச்சது, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். கல்யாணமோ பிரசவமோ இதற்கு மருந்தே இல்லை. மாத்திரை போட்டும் எழுந்து நடக்க முடியாத வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது ஆழத்தில் வலி, இவை எதுவுமே சாதாரணம் கிடையாது.

முழுக்கக் குணமாக்கும் சிகிச்சை இன்னும் வரவில்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வலியைக் கட்டுக்குள் வைக்க வழி உண்டு. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது எந்தத் தேதியில் வலித்தது, எங்கே வலித்தது, அன்று எந்த வேலையை விட்டீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். மலம் கழிக்கும்போது வரும் வலியையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.