5 எச்பி பம்ப் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) கணினி சிமுலேஷனில் திருத்த முடியுமா?

கேள்வி: நாகர்கோவிலில் பட்டறை. தோவாளை சானலில் இருந்து வாழைக்கு நீர் இறைக்கும் 5 எச்பி பம்ப்; 2880 ஆர்பிஎம், நொடிக்கு 10 லிட்டர், 20 மீட்டர் உயரம். சிமுலேஷனால் கரண்ட் மிச்சமாகுமா?

பதில்: ஆகும். நீருக்குப் போவது 9.81×10×20, சுமார் 1,960 வாட். மோட்டார் முழு லோடில் (3.7 கிலோவாட்) ஓடுகிறது என்றால் பம்பின் திறன் 53%தான். திருத்த நிறைய இடமிருக்கிறது.

முதலில் பிளேடின் நுழைவுக் கோணத்தைப் பாருங்கள். இம்பெல்லர் வாய் 70 மிமீ என்றால் அங்கே நீரின் வேகம் நொடிக்கு 2.6 மீட்டர், அந்த வாயின் விளிம்பு சுழலும் வேகம் 10.6 மீட்டர். அப்படியானால் நீர் வருவது சுமார் 14 டிகிரியில். பிளேடு 25 டிகிரியில் நின்றால் அதன் உறிஞ்சு பக்கத்தில் ஓட்டம் பிய்ந்து சுழலும். இதற்கு சிமுலேஷனே வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

பிறகு ஓப்பன்ஃபோம் (நீரோட்டத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருள்). இம்பெல்லரை ஒரே நிலையில் நிறுத்தி, சுழற்சியைக் கணக்கில் மட்டும் சேர்க்கும் சுழல் சட்டகத்தில், கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடலுடன், 60% முதல் 120% வரை ஐந்து ஓட்ட அளவுகளில் ஓட்டுங்கள். ரெசிடுவல் (கணக்கில் மிஞ்சும் பிழை) இறங்கினால் மட்டும் போதாது. ஹெட்டும் (பம்ப் தரும் உயரம்) டார்க்கும் (சுழற்றும் முறுக்கு) நிலைத்து நிற்க வேண்டும். கேசிங் நாக்கருகே (பம்பின் கூட்டில் வெளியேறும் வழி பிரியும் முனை) பிளேடு நிற்கும் இடத்தைப் பொறுத்து விடை மாறும். அதனால் கடைசி டிசைனை மட்டும் ஸ்லைடிங் மெஷ்ஷில் (இம்பெல்லர் நிஜமாகவே சுழலும் கணக்கு), படிக்கு 1 டிகிரி (58 மைக்ரோநொடி) வீதம் ஓட்டிப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது வேர் ரிங் (இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவே கசிவைக் குறைக்கும் வளையம்) இடைவெளியில். அதை மாடலில் விட்டுவிட்டால் கசிவு கணக்கில் வராது, திறன் பொய்யாக உயரும். சானல் மணல் அந்த இடைவெளியை அரித்துப் பெரிதாக்கும் என்பதால், தேய்ந்த அளவையும் ஒருமுறை வைத்து ஓட்டுங்கள். மணல் வார்ப்பின் சொரசொரப்பையும் சுவர்களுக்குக் கொடுங்கள்.