தீவு கிடைக்காவிட்டால் கோடு எங்கே? மூட் கோர்ட்டுக்குத் தயாராகும் மாணவிக்கு

சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள், மூட் கோர்ட்டில் (மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) தீவு உரிமையும் கடல் எல்லையும் சேர்ந்த வழக்கு வந்திருக்கிறது. இதனால் வேலைக்குப் பயன் உண்டா என்று அப்பா கேட்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் வழக்கைப் பார்ப்போம்.

பாடநூலைத் திறக்கும் முன், நிகரகுவா - கொலம்பியா வழக்கில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2012 நவம்பரில் தந்த தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். அதில் நீதிமன்றம் கடலில் தொடங்கவில்லை. கரை யாருடையது என்று முடிவான பிறகுதான் கடலை அளந்தது. நீங்களும் அந்த வரிசையிலேயே வாதிடுங்கள்.

கரீபியன் கடலிலுள்ள சான் ஆண்ட்ரேஸ் தீவுக்கூட்டம் கொலம்பியாவுக்கு என்று 1928 ஒப்பந்தம் சொன்னது. ஆனால் அதில் எந்தெந்தச் சிறு திட்டுகள் அடங்கும் என்று தெளிவாக இல்லை. ஸ்பானிய ஆட்சிக்காலத்துப் பழைய ஆவணங்களும் வரைபடங்களும் விஷயத்தைத் தீர்க்கவில்லை. மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தியது, கலங்கரை விளக்கங்களைப் பராமரித்தது என்று கொலம்பியா பல பத்தாண்டுகள் அரசாகச் செயல்பட்டதுதான் எடுபட்டது. நம் ஊர் நிலத் தகராறில் அடங்கல் யார் பெயரில் இருக்கிறது, தீர்வை யார் கட்டினார்கள் என்று பார்ப்பதைப் போலத்தான் இதுவும். நிகரகுவா - கொலம்பியா வழக்கில் தகராறு உருவான ஆண்டாக 1969 கொள்ளப்பட்டது. அதற்குப் பின் உரிமையைப் பலப்படுத்தவென்றே செய்தவை பொதுவாகக் கணக்கில் வராது. ஆகவே உங்கள் மூட் பிராப்ளத்தில் (போட்டிக்குத் தரும் கற்பனை வழக்கு விவரம்) உள்ள தேதிகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, தகராறு பிறந்த நாளில் ஒரு கோடு போடுங்கள்.

அப்புறம் கடல். முதலில் தற்காலிகச் சமதூரக் கோடு, அதாவது இரு கரைகளிலிருந்தும் ஒரே தூரத்தில் வரையும் கோடு. பிறகு சூழ்நிலைக்கேற்ற திருத்தம். கடைசியில் விகிதாசாரச் சோதனை, அதாவது கரை நீளத்தோடு ஒப்பிட்டால் கிடைத்த கடல் பங்கு மிகவும் பொருந்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ருமேனியா - உக்ரைன் இடையிலான கருங்கடல் வழக்கில் 2009-இல் தெளிவாக வகுக்கப்பட்ட மூன்று படிகள் இவை. நிகரகுவாவின் கரை கொலம்பியத் தீவுகளின் கரையைவிட ஏறத்தாழ 8.2 மடங்கு நீளம் என்பதால் கோடு கிழக்கே நகர்ந்தது. அங்குள்ள கித்தாசுவேனோ திட்டில் உயர் ஓதத்தின்போது (கடல் நீர் மட்டம் ஏறி நிற்கும்போது) நீருக்கு மேல் தெரிவது ஒரே ஒரு முனை, அதுவும் சுமார் 0.7 மீட்டர்தான். அதற்கும் சுற்றிலும் 12 கடல் மைல் ஆட்சிக்கடல் கிடைத்தது! பிராப்ளத்தில் ஓதம் பற்றி ஒரு வரி வந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

முடிவில் திட்டுகள் எல்லாம் கொலம்பியாவுக்கு, கடலில் பெரும்பகுதி நிகரகுவாவுக்கு. இதைத்தான் பல அணிகள் மறந்துவிடுகின்றன. தீவுக்காக முழு மூச்சாக வாதாடிவிட்டு, “சரி, தீவு உங்களுக்கு இல்லை என்றால் கோடு எங்கே வர வேண்டும்?” என்று நீதிபதி கேட்டதும் நின்றுவிடுகிறார்கள். உங்கள் மாற்று வாதம் மெமோரியலிலேயே, அதாவது எழுத்துவடிவ வாதத்திலேயே, இருக்கட்டும்.

இனி அப்பாவின் கேள்வி. கடல் எல்லை வழக்குகளை மட்டுமே நடத்தும் வேலைகள் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். வெளியுறவு அமைச்சகத்தில் சட்டம், ஒப்பந்தங்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது. மேற்படிப்பு விண்ணப்பத்திலும் மூட் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் உள்ளூர் சிவில் நீதிமன்றத்துக்கே போனாலும் உரிமை, அனுபோகம், ஆவணம் என்று இதே கேள்விகளோடுதான் கட்சிக்காரர் வந்து நிற்பார். எனவே மூட் அணியில் சேருங்கள். செமஸ்டர் தேர்வு அதே வாரத்தில் வந்தால் மட்டும் இம்முறை பேச்சாளராக வேண்டாம், ரிசர்ச்சராக இருங்கள்.